மூன்று புள்ளி இரண்டில் ஒரு கொம்பு

போன வாரம் ராமமூர்த்தியை ஆஸ்பத்திரி வராண்டாவில், ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஏழு நாளாக மனிதர் அங்கேயே இருக்கிறார். முதலில் அவரை எழுப்பிவிடுவோம்.

அதற்கு முன், புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராமமூர்த்தி தல்லாகுளத்தில் முப்பது வருஷமாக ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்கிறவர். எதைப் பார்த்தாலும் திருகாணியைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி கனகலட்சுமிக்கு இடது மார்பில் கட்டி. புற்று என்று உறுதியாகிவிட்டது. ஒரே மகள் ஸ்ரீவர்ஷினி தனியார் பள்ளியில் டீச்சர். வீட்டுக்குள் மூவரும் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். நமக்காக அவர்களை மதுரைத் தமிழில் பேச வைத்திருக்கிறேன்; கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை. அந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்பதைக் கட்டியின் அளவை வைத்துச் சொல்ல இரண்டு மாதம் ஆகிவிடும். கேட்காத மருந்தாக இருந்துவிட்டால் அந்த இரண்டு மாதமும் வீண்.

அதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஸ்கேன் மெஷின் வெறும் படத்தோடு நிற்காமல், கட்டிக்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று காந்தத்தால் விசாரித்து ஒரு கோட்டுப் படம் வரைந்து கொடுக்கும். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று பெயர். அதில் 3.2 என்ற எண்ணுக்கு நேரே ஒரு முனை நீட்டிக்கொண்டு நின்றால் அது கோலின். வேகமாகப் பெருகுகிற செல்களில் கோலின் அதிகம். மருந்து கேட்டால், கட்டி சுருங்குவதற்கு வெகு முன்பே, ஒரே நாளில் அந்த முனை இறங்கத் தொடங்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

கனகலட்சுமி அதற்கு வைத்த பெயர் கொம்பு.

திங்கட்கிழமை எடுத்த படத்தில் கொம்பு விறைப்பாக நின்றது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் மருந்து ஏறியது. இன்று புதன். காலை எட்டு மணிக்கு இரண்டாவது படம். கொம்பு இறங்கியிருந்தால் இதே மருந்து தொடரும். இறங்கவில்லை என்றால் வேறு மருந்து, அல்லது நேரே கத்தி.

கதவு திறந்தது. டெக்னீஷியன் காளை வெளியே வந்தான். கையில் காகிதம்.

"சார், இல்ல."

"என்னப்பா இல்ல?" ராமமூர்த்தி எழுந்துவிட்டார்.

"கொம்பு இல்ல சார்! சுத்தமா இல்ல. சின்ன டாக்டர் பாத்துட்டாரு. பிரமாதம்னு சொல்லச் சொன்னாரு."

ராமமூர்த்தி காகிதத்தை வாங்கினார். 3.2-க்கு நேரே ஒன்றுமே இல்லை. மழித்த தலை மாதிரி வழவழவென்று கோடு ஓடியது. அவர் காளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மறந்துபோய் மறுபடியும் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்கத் தும்முவது போல் பாவனை செய்தார்.

கனகலட்சுமி புடவையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக வந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் நடை தெளிவாக இருந்தது.

"கனகு, கொம்பு போயிருச்சு!"

"தெரியும்," என்றாள் அவள்.

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும். ஆட்டோவக் கூப்பிடுங்க."

அந்தப் பதில் அவருக்கு வித்தியாசமாகத்தான் பட்டது. ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைத் துருவுவான்? ராமமூர்த்தி கூட அன்றைக்குத் துருவவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பத்தரை. ஸ்ரீவர்ஷினி லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அடுப்பில் ரவையைக் கொட்டினாள். கேசரி வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கப்பா."

"வாரேன் வாரேன். கடையத் திறந்து வச்சுட்டு வாரேன்."

உண்மையில் அவர் கடை திறக்கப் போகவில்லை. அந்தக் காகிதத்தைத் தனியாக உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமைப் படத்தின் பிரதியும் அவரிடம் இருந்தது. மெஷினைக் கவனிக்கிற செல்லத்தாயிடம் நச்சரித்து வாங்கியது. செல்லத்தாய் டாக்டர் இல்லை, பிசிக்ஸ் படித்தவர். காலையில் காலேஜில் பாடம், மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆஸ்பத்திரி. நாலு நாளாக ராமமூர்த்தி கேட்ட கேள்விகளில் அவருக்குத் தன் மாணவர்கள் மேலேயே மரியாதை வந்திருக்கும். அவர்கள் இவ்வளவு கேட்பதில்லை.

கடைக்குள் மேசை விளக்கைப் போட்டார். ஒரு கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கை நகர்த்தி, மேலே இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அச்சு எண்கள் பொருந்தும்படி நகர்த்தினார். எண் பொருந்தியது.

கோடு பொருந்தவில்லை.

கொம்பு மறைந்தது சரி. ஆனால் அந்தப் பக்கம், 1.3-க்கு நேரே, கொழுப்பின் முனை ஒன்று உண்டு. திங்கட்கிழமை அது ஒல்லியாக, உயரமாக நின்றது. இன்றைக்கு அதே இடத்தில் குட்டையாகவும் தடியாகவும் பரவிக் கிடந்தது. தண்ணீருக்கான முனையும் அப்படித்தான், பக்கத்து இடத்தை எல்லாம் ஆக்கிரமித்து உட்கார்ந்திருந்தது.

மருந்து புற்றைத்தானே அடிக்க வேண்டும்? கொழுப்பை ஏன் அடித்தது? தண்ணீரை ஏன் அடித்தது?

ராமமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். கோடுகள் அப்படியேதான் இருந்தன.

இது அவருக்குப் பழகிய நோய். ஒரு ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் மட்டும் வரவில்லை என்றால் அந்த ஸ்டேஷன் மூடிக்கிடக்கிறது என்று அர்த்தம். எல்லா ஸ்டேஷனும் ஒன்றோடொன்று கலந்து கொழகொழவென்று கேட்டால், ஸ்டேஷன்காரன் மேல் குற்றமில்லை. சின்ன ஸ்டேஷன் அங்கேதான் இருக்கும். பெரிய ஸ்டேஷனின் இரைச்சல் அதை முழுங்கியிருக்கும்.

கொம்பு போகவில்லை. மூழ்கியிருக்கிறது. அல்லது போயும் இருக்கலாம். இந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதைக் கவனிக்காமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் மனசார நினைத்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார்.

"காளை, காலைல மெஷின் சரியா இருந்துச்சாப்பா?"

"நல்லா இருந்துச்சே சார். தெனமும் ஏழு மணிக்குப் பாட்டில் வச்சு டெஸ்ட் பண்ணுவோம். இன்னிக்கும் பண்ணோம். கோடு ஊசி மாதிரி வந்துச்சு."

"அவளுக்கு அப்புறம் யாருக்காச்சும் எடுத்தீங்களா?"

"ஒருத்தருக்கு மூளை எடுத்தோம். பளிச்சுனு இருக்கு. ஏன் சார்?"

"சும்மாத்தான். செல்லத்தாயம்மா வந்ததும் நான் தேடுனேன்னு சொல்லு."

போனை வைத்தார். அவளுக்கு முன்னும் சரி, பின்னும் சரி. அவள் உள்ளே இருந்த அந்த நாற்பது நிமிஷம் மட்டும் சரியில்லை. ஒரு வீட்டில் மட்டும் ரேடியோ கொரகொரத்தால் ரேடியோவைக் கழற்றக் கூடாது, அந்த வீட்டு டியூப் லைட்டைப் பார்க்க வேண்டும் என்று தானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்?

ஏதோ ஒன்று கனகலட்சுமியோடு சேர்ந்து மெஷினுக்குள் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தார். கேசரித் தட்டை நீட்டினாள் மகள். வாங்கி ஜன்னலில் வைத்தார்.

"கனகு, காலைல உள்ள போறப்ப ஊக்கு எதுவும் குத்தியிருந்தியா?"

"இல்லையே. அந்த ஆஸ்பத்திரி அங்கிதானே போட்டிருந்தேன்."

"கொண்டை ஊசி?"

"எல்லாத்தையும் கழட்டி வர்ஷினிகிட்ட முந்தா நாளே குடுத்துட்டேன். என்ன விசாரணை இது?"

"சும்மாத்தான்," என்றார். ஒரே நாளில் இரண்டாவது 'சும்மாத்தான்'. ஸ்ரீவர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் 'சும்மாத்தான்'கள் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ராமமூர்த்தியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. கீழே விழுந்த திருகாணியைப் பொறுக்குவதற்கு. அதை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணிப்பையைக் கூடத்தில் கொட்டினார். புடவை, ரவிக்கை, போர்வை ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தை நகர்த்தினார். ஒன்றும் இல்லை.

பையின் அடியில் ஒரு ஈரிழைத் துண்டு. மஞ்சள் கறையாக இருந்தது. கனகலட்சுமி மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். வீட்டில் பாதித் துணி அந்த நிறம்தான். அதன் மேலும் காந்தத்தை இழுத்தார்.

எடுத்துப் பார்த்தபோது காந்தத்தின் விளிம்பில் கரிய பொடி பூனை மீசை மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

"அம்மா, அது என்னம்மா?" என்றாள் ஸ்ரீவர்ஷினி.

கனகலட்சுமி உள்ளே போனாள். ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்து, அதை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

டப்பாவுக்குள் மஞ்சள் விழுது. ராமமூர்த்தி காந்தத்தை அருகே கொண்டுபோனார். விழுது குறுகுறுவென்று அசைந்து, முள் முள்ளாக எழுந்து காந்தத்தைப் பார்த்து நின்றது. அந்த நிலைமையிலும், அதை இன்னொரு தடவை செய்து பார்க்க அவர் கை துடித்தது. இழுத்துக்கொண்டார்.

"யாரு குடுத்தா?"

"பாண்டியம்மா."

முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்குப் பாண்டியம்மாளைத் தெரியும். எழுமலைக்காரி. இதே ஆராய்ச்சியில் கனகலட்சுமிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் மருந்து ஏற்றிக்கொண்டவள். நேற்று ரத்தப் பரிசோதனைக்கு வந்தவள், கனகலட்சுமிக்கு மருந்து சொட்டிக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவுக ஊருப் பக்கம் ஒரு வைத்தியர் குடுக்குறாராம்," என்றாள் கனகலட்சுமி. "பட்டறையில இரும்பு அடிக்கிறப்ப உதிருற செதில இடிச்சு, மஞ்சள்ல குழைச்சது. கல்லுக் கட்டியும் கரையுமாம். அவளுக்கு ரெண்டாவது படத்துல கொம்பே இல்லைல? நீங்கதானே வந்து சொன்னீங்க, பாண்டியம்மாளுக்குக் கொம்பு மாயமாப் போச்சுன்னு. ஆஸ்பத்திரி மருந்தும் இதும் சேந்துதான் கரைச்சிருக்குன்னு அவ சொன்னா. நானும் நம்புனேன். நேத்து சாயங்காலம் ஒரு தடவ, இன்னிக்கு விடியக்காலைல ஒரு தடவ. தொடைச்சுட்டுத்தான் உள்ள போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சிரிச்சிருப்பீங்க." அவள் குரல் உயரவில்லை. "நேத்து நாலு தடவ வாந்தி எடுத்தேன். வர்ஷினிதான் பேசின் பிடிச்சா. நீங்க அந்தச் செல்லத்தாயம்மாகூட நின்னுக்கிட்டுக் காந்தம் எத்தனை டன்னுனு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு அந்த மெஷின் கிடைச்சுச்சு. எனக்கு இந்த டப்பா கிடைச்சுச்சு."

ராமமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். பயத்தில்தான் மெஷினோடு ஒட்டிக்கொண்டார் என்பது நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? அவர் சொன்னதில்லை.

ஸ்ரீவர்ஷினிக்கு இப்போது விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது. "அப்பா, ஒருவேளை நெசமாவே போயிருக்கலாம்ல? டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. இப்பப் போயி மறுபடியும் எடுத்து, இருக்குன்னு வந்துட்டா அம்மா தாங்குமா? இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கு."

"அதான் எனக்கும் தெரியல பாப்பா," என்றார் ராமமூர்த்தி. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரி எல்லாம் பொறுக்கி அவர் பங்கில் வைத்திருந்தாள் மகள்.

கனகலட்சுமி சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இருக்குறத இருக்குன்னு சொன்னா ஒரு நாள் அழுவேன். இருக்குறத இல்லைன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு மாசம் கேசரி திங்கச் சொல்றியா?" என்றாள் மகளிடம். பிறகு கணவரிடம், "ஆட்டோவக் கூப்பிடுங்க. அந்த டப்பாவையும் எடுத்துக்கங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்றே கால். செல்லத்தாய் இரண்டாவது படத்தை ஏற்கெனவே திரையில் விரித்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கியபடி இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். பேச்சில் கிராமத்து வெள்ளந்தி இன்னும் போகவில்லை.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். கோடு ரொம்ப அகலமா இருக்கு. இத வச்சு நல்ல சேதி சொல்லியிருக்கக் கூடாது. அம்மா உள்ள அசைஞ்சாங்களா?"

ராமமூர்த்தி டப்பாவைத் திறந்து மேசையில் வைத்து, காந்தத்தை நீட்டிக் காட்டினார். விழுது எழுந்து நின்றது.

செல்லத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஆத்தாடி!"

"மார்ல பூசியிருந்தா," என்றார் ராமமூர்த்தி.

"அதான்! கட்டிக்கு ஒரு விரல் தூரத்துல இம்புட்டு இரும்பு இருந்தா எந்தக் கோடு நேரா நிக்கும்? நான் ஊக்கு, தாலி, கம்மல்னு எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் கேக்கச் சொல்லியிருக்கேன். மஞ்சளக் கேக்கணும்னு எனக்குத் தோணலையே!" கனகலட்சுமியின் பக்கம் திரும்பினார். "உள்ள இருக்கும்போது சூடா, சுருக்குனு ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

"லேசா இழுக்குற மாதிரி இருந்துச்சு. கரையுதுன்னு நெனச்சேன்."

செல்லத்தாய் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் அவள் தோளைத் தொட்டார். "இன்னிக்கே மறுபடியும் எடுப்போம். ஒரு நாளுக்குள்ளனு கணக்கு. ஏழு மணி நேரம் கூடிப்போச்சு. பரவாயில்ல, அதையும் எழுதி வச்சுட்டு எடுப்போம். காளை, அஞ்சு மணிக்கு ஒரு இடம் ஒதுக்கு. ஆனா அதுக்கு முன்னாடி அம்மாவுக்குக் குளியல்."

நல்லெண்ணெய் வந்தது, சோப்பு வந்தது. நர்ஸ் முருகம்மாள் தோல் சிவக்கும் வரை தேய்த்தாள். பிறகு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒவ்வொரு பிளாஸ்திரியும் கதவிடுக்கு வழியாக வெளியே வர, ராமமூர்த்தி காந்தத்தால் சோதித்தார். முதல் எட்டும் அசைந்தன. ஒன்பதாவது லேசாக. பத்தாவது அசையவே இல்லை. பதினொன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கனகலட்சுமி உள்ளே போகும்போது அவர் அவள் கையைப் பிடித்தார். பொது இடத்தில் அப்படிச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சு கனகு. அதான் மெஷினப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"இப்பச் சொன்னீங்களே," என்றாள். "கைய விடுங்க. காந்தத்தோட உள்ள வந்துராதீங்க."

டக்டக் என்று மெஷின் தட்டுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ராமமூர்த்தி அதை எண்ணவில்லை. என்ன மாதிரி அலை என்று யோசிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை சும்மாத்தான்.

ஐந்தே முக்காலுக்குச் செல்லத்தாய் கூப்பிட்டார். திரையில் கோடு மெதுவாக வரைந்துகொண்டு வந்தது. கொழுப்பின் முனை ஒல்லியாக, உயரமாக எழுந்தது. தண்ணீர் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. இரண்டுக்கும் நடுவில், 3.2-க்கு நேரே, கொம்பு.

ராமமூர்த்தியின் கை நாற்காலியைத் தேடியது.

"இருக்கு," என்றார் செல்லத்தாய். "இருங்க, இருங்க. உடனே உக்காந்துராதீங்க." திங்கட்கிழமைக் கோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். என்னென்னவோ கூட்டிக் கழித்தார். "அன்னிக்கு நூறுன்னு வச்சுக்கிட்டா, இன்னிக்கு அறுபத்தஞ்சு. கோடு சுத்தமா இருக்கு, நம்பலாம். இறங்குது சார். மருந்து கேக்குற மாதிரித்தான் தெரியுது. பெரிய டாக்டர் பாத்துட்டுச் சொல்லணும். நானா எதையும் உறுதியாச் சொல்லக் கூடாது."

அறுபத்தைந்து. காலையில் கிடைத்த பூஜ்யத்தை விட அது எவ்வளவோ பெரிய எண். ஆனாலும் ராமமூர்த்திக்கு அதுதான் பிடித்திருந்தது. காளை கொடுத்த காகிதத்தைப் பார்த்து முட்டிய கண்ணீர் இப்போது முட்டவில்லை; நேராகவே வழிந்தது. தும்முவது போல் பாவனை செய்யவும் இல்லை.

உடை மாற்றிக்கொண்டு கனகலட்சுமி வந்தாள். "இருக்கா?"

"இருக்கு. மூணுல ஒரு பங்கு தேஞ்சிருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டாள். "தேயட்டும். அவசரமில்ல," என்றாள்.

செல்லத்தாய் மட்டும் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை உருவிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடு குட்டையாகவும் தடியாகவும் பரவிக் கிடந்தது. ராமமூர்த்திக்குப் பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"பாண்டியம்மாள்," என்றார் செல்லத்தாய். "அன்னிக்கும் அகலமாத்தான் வந்துச்சு. மெஷின்ல கோளாறுன்னு நெனச்சு ரெண்டு நாள் மெஷினையே நோண்டிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள கொம்பு இல்லைன்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க."

கனகலட்சுமி முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். தன் வீட்டில் இன்று நடந்த கேசரி எழுமலையில் பன்னிரண்டு நாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"இப்ப எடுத்தாலும் பிரயோசனம் உண்டு," என்றார் செல்லத்தாய். "ரெண்டாவது மருந்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. நான் போன் பண்றேன்."

"வேண்டாம்மா. நான் பேசுறேன்," என்றாள் கனகலட்சுமி. "எனக்கு நல்லதுன்னு குடுத்தவ அவ."

பாண்டியம்மாளின் கணவர் முத்திருளன் புதிதாக வாங்கியிருந்த செல்போனின் நம்பர் கோப்பில் இருந்தது. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம்.

"அக்கா! போயிருச்சா அக்கா? நான் சொன்னேன்ல!" பாண்டியம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எங்க வீட்டுல ஒரே கூட்டம்க்கா. வெள்ளிக்கெழம கெடா வெட்டுறோம். நீயும் அண்ணனும் கட்டாயம் வரணும். அப்பறம் ஒண்ணு. இனிமே ஊசி எதுக்குன்னு இவரு சொல்லிட்டாரு. கரைஞ்சு போனதுக்கு இன்னும் மூணு ஊசி போட்டு முடியக் கொட்டவிடணுமாக்கும்? நான் இனிமே அங்குட்டு வரலக்கா."

கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். ராமமூர்த்தி போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"பாண்டியம்மா," என்றாள். "எனக்குக் கொம்பு இருக்கு."

"என்னக்கா சொல்ற?"

"நீ குடுத்தது படத்தத்தான் மறைச்சிருக்கு. கட்டியக் கரைக்கல. கழுவிட்டு எடுத்தோம். இருக்கு. உனக்கும் கழுவிட்டுப் பாக்கணும்டி."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

"யாரு பேசுறது?" முத்திருளனின் கட்டைக் குரல். "எம்பொண்டாட்டிகிட்ட என்னத்தச் சொன்னீக? ஏன் இப்பிடி நட்டமா நிக்கிது?"

"அவளோட அக்கா பேசுறேன்," என்றாள் கனகலட்சுமி. "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுல அவளோட அண்ணன் வருவாரு. அவரு வர்ற வரைக்கும் கெடாவத் தொடாதீக. அந்த டப்பாவத் தூரப் போட்டுறாதீக."

போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே ராமமூர்த்தியின் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. காந்தம் அங்கேதான் இருந்தது.